தானா எறங்கிச்சு

என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனால் அந்த இரண்டும் இன்னும் அரிக்கின்றன. மழை பிடித்தால் நனைகின்றன. சில மத்தியானங்களில், நான் பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, எண்ணெய்ப் பிசுக்கோடு சூடாக இருக்கும் ஒரு இரும்பைத் தொடுகின்றன. உடனே கையை உதறுவேன். பாத்திரம் கவிழும். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, பழகிவிட்டது.

நரம்பு என்கிறார் டாக்டர். சரி, இருக்கட்டும். விரல்கள் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. போன அன்று நான் ஒரு பொய் சொன்னேன். "மிஷின் தானா எறங்கிச்சு" என்றேன், அவ்வளவுதான். அந்தப் பொய் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டது. அது இன்னொரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு பூந்தமல்லி பக்கம் நூம்பலில். நைனா அடுத்தவர் கழனியில் ஏர் ஓட்டியவர். கழனியெல்லாம் பிளாட் ஆனதும் அதே நிலத்துக்கு வாட்ச்மேன் ஆனார். "நெல்லு மொளைச்ச எடத்துல கல்லு மொளைக்குது, அதுக்கு நான் காவலு" என்று சிரிப்பார். நான் எட்டாவதோடு நின்றவள். வாய் நீளம், பொறுமை குறைச்சல். அம்மா என்னை அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடும். எண்பதுகளின் நடுவில், பத்தொன்பது வயதில், சென்னை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து ஒரு இரும்புப் பாளம் இறங்கி, சைக்கிள் கேரியருக்கான கிளிப்பாக அதை வெட்டி வளைத்துத் தரும். அந்தப் பாளத்துக்கு ராம் என்று பெயர். ஏழு பிரஸ், ஏழு பெண்கள். எனக்கு மூணாம் நம்பர்.

பிரஸ்ஸின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கைப்பிடி இருக்கும். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் ராம் இறங்கும். இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காதல்லவா, அதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தகடு வைக்க ஒரு முறை, அழுத்த ஒரு முறை என்று கையை எடுத்து எடுத்து வைத்தால் சூப்பர்வைசர் கேட்கும் எண்ணிக்கை சாயங்காலத்துக்குள் வராது. அதனால் நாங்கள் ஏழு பேரும் ஒரு வழி வைத்திருந்தோம். தலை ரிப்பனை அவிழ்த்து வலது கைப்பிடியைக் கீழே இழுத்துச் சுருக்கு முடிச்சாகக் கட்டிவிடுவோம். பிறகு வலது கை தகடு வைக்கும், இடது கை அழுத்தும். தையல் மிஷின் மாதிரி ஓடும். வாசலில் முதலாளியின் கார் சத்தம் கேட்டால் ஒரு இழுப்பு. முடிச்சு அவிழ்ந்து ரிப்பன் தலைக்கு ஏறிவிடும். சூப்பர்வைசருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். எண்ணிக்கை அவருக்கும் வேண்டுமே.

சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு நாள் காலை டீ வருவதற்குச் சற்று முன்னால், என் இடது கை முந்திக்கொண்டது. வலது கை இன்னும் உள்ளே இருந்தது. வழக்கமான சத்தத்தைவிடக் கொஞ்சம் மெத்தென்று ஒரு சத்தம். அவசரத்தில் அண்டாவுக்குள் கூட கை போகாது என்பார்கள். எனக்குப் போனது.

வலி உடனே வரவில்லை. அந்த இடைவெளியில் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு மட்டுமே தெரியும். கத்தவில்லை. கையைப் பார்க்கவில்லை. இடது கையால் ரிப்பனின் நுனியைப் பிடித்து இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்தது. அதைச் சுருட்டி இடுப்பில் செருகினேன். பிறகுதான் கத்தினேன். ரிப்பன் கட்டியது தெரிந்தால் தப்பு என்னுடையதாகிவிடும், வேலையும் போகும், நஷ்டஈடும் வராது. இரண்டு விரல் துண்டாகிக் கிடக்கும்போது ஒருத்திக்கு இவ்வளவு கணக்கு ஓடுமா என்று நீங்கள் கேட்கலாம். ஓடியது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

"இன்னாம்மா ஆச்சு? எப்படி ஆச்சு?" என்று சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"தானா எறங்கிச்சு சார். நான் அமுக்கவே இல்ல."

விபத்துப் புத்தகத்தில் அவர் அப்படியே எழுதிக்கொண்டார். மறுநாள் மெக்கானிக் வந்து மிஷினைப் பிரித்துப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். அங்கேதான் பிடித்தது சனி. கோளாறே இல்லாத மிஷின் தானாக இறங்கியிருக்கிறது என்றால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? மற்ற ஆறு பேருக்கும் ரிப்பன் விஷயம் தோன்றாமல் இருந்திருக்காது. ஆனால் அதைச் சொன்னால் அவரவர் ரிப்பனும் போகும். பேய் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆஸ்பத்திரியில் விரல்களைப் பஞ்சில் சுற்றி நைனாவிடம் கொடுத்துவிட்டார்கள். ஒட்டவைக்க வழியில்லையாம். நைனா அதைத் துண்டில் முடிந்து எடுத்து வந்து, வீட்டுக்குப் பின்னால் முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, மஞ்சள் தடவி, பால் ஊற்றிப் புதைத்தார். நான் கட்டுப்போட்ட கையோடு ஜன்னலில் நின்று பார்த்தேன். உயிரோடு இருக்கும்போதே தன் உடம்புக்குப் பால் ஊற்றுவதைப் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மண்ணை மூடி அவர் காலால் மிதித்தபோது, கட்டுக்குள் இல்லாத அந்த இரண்டு விரலும் நசுங்கின. "மிதிக்காத நைனா" என்று கத்திவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, மெதுவாகக் காலை எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். எனக்குச் செக்கிங் மேஜை கொடுத்தார்கள். கிளிப்பில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கும் வேலை. மேஜைக்கு நேர் எதிரே மூணாம் நம்பர். அதை ஓட்டாமல் வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் மஞ்சளும் குங்குமமும். ராமை ஏற்றி இறக்கும் சக்கரத்தில் எலுமிச்சம்பழ மாலை. கோழி அறுத்துக் காவு கொடுத்தார்களாம்.

அதற்குள் கதை நன்றாக வளர்ந்திருந்தது. எஸ்டேட் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில், கன்னியாகச் செத்துப்போன ஒரு பெண்ணுக்கு நட்ட கன்னிச்சாமி கல் இருந்ததாம், அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டு அதன் மேல்தான் மூணாம் நம்பரை நிறுத்தினார்களாம். ஒருத்தி, கரண்ட் இல்லாதபோது அது இறங்கியதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தாள். இன்னொருத்தி அதன் பக்கத்தில் மல்லிகை வாசனை வந்தது என்றாள். நைனாவிடம் சொன்னேன். "அங்க சவுக்குத் தோப்பு தான் இருந்துச்சு. நான் வெறகு வெட்டிகினு வந்திருக்கேன். சாமியும் இல்ல, பூதமும் இல்ல" என்றார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதுவும் அந்த ஊர் வாயைத் திறந்துவிட்டதே நான்தான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மத்தியானம் வரைக்கும்.

சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே பம்ப் பக்கத்து மரத்தடிக்குப் போய்விட்டார்கள். இடது கையால் சாப்பிடுவது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்த காலம். அதனால் உள்ளேயே டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே நல்ல வெயில். தகரக் கூரை மட்டும் சூட்டில் படபடத்துக்கொண்டிருந்தது. மூணாம் நம்பருக்கு அன்று கரண்ட் இணைப்பே கிடையாது. அதன் சக்கரம் மெதுவாகத் திரும்பியதைப் பார்த்தேன். எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து மறுபக்கம் போயின. ராம் பாதி வரை இறங்கி நின்றது. சத்தமே இல்லை. என் இல்லாத விரல்கள் இரண்டும் ஜில்லென்று ஆகி, யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இறுகின.

காற்றா, எலியா, யாராவது தளர்த்தி விட்டிருந்த திருகா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான். நான் எழுந்து நின்றேன். எச்சில் கையோடு அந்த மிஷினைப் பார்த்துக் கும்பிட்டேன். நான் சொன்ன பொய்க்கு நானே கும்பிடு போட்டேன்.

சில மாதத்தில் ஆர்டர் அதிகமாகி, மூணாம் நம்பரை மறுபடி ஓட்ட முடிவு செய்தார்கள். பழைய ஆட்கள் யாரும் கிட்டே போகவில்லை. அப்போதுதான் மாங்காட்டிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்தாள். பதினெட்டு வயது இருக்கும். இரண்டு தம்பிகளைப் படிக்க வைக்க வேண்டியவள். கலகலவென்று பேசுவாள், யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள். பயமே இல்லாமல் மூணாம் நம்பரில் போய் உட்கார்ந்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

முதல் நாளே என் மேஜைக்கு வந்தாள். "அக்கா, கைய குடு" என்றாள். எதற்கு என்று கேட்பதற்குள் என் வலது கையைப் பிடித்து, விரல் இல்லாத இடத்தைத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "கன்னிச்சாமி கேட்டதை நீ குடுத்துட்ட. இனிமே அது என்னை ஒண்ணும் பண்ணாது" என்றாள்.

ஒவ்வொரு நாள் காலையும் இது நடந்தது. நான் தடுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. வெளியே என் கை ஒரு ஊனம். பெண் பார்க்க வந்தவர்கள் காபியை நீட்டிய கையைப் பார்த்துவிட்டு டம்ளரைத் தொடாமல் போனார்கள். என் கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்டு அம்மா மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு நடந்தது. பஸ்ஸில் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டே போவேன். பட்டறைக்குள் மட்டும் அதே கை சாமிக்குக் கொடுத்த கை. கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கை. அதை விட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவள் இமை என் தழும்பில் படும்போதெல்லாம், இல்லாத விரல்கள் அவள் கண்ணைக் குத்திவிடுமோ என்று பயமாக இருக்கும். ஒவ்வொரு நாளும் அந்த பயம் வந்தது.

ஒரு வாரத்தில் அவளும் ரிப்பன் கட்டக் கற்றுக்கொண்டாள். பச்சை ரிப்பன். எதிர் மேஜையிலிருந்து எனக்கு அது நன்றாகத் தெரியும். மற்றவர்கள் அங்கே ராமைப் பார்த்துப் பயந்தார்கள். நான் அந்த ரிப்பனைப் பார்த்துப் பயந்தேன்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னேன். "அந்த மிஷின்ல மட்டும் ரிப்பன் கட்டாதடி."

"எல்லாரும் கட்றாங்களே அக்கா."

"அவங்க கட்டட்டும். நீ கட்டாத."

"நீ கட்னியா?"

டீயை ஒரு வாய் குடித்தேன். "நான் கட்டல" என்றேன்.

"அப்ப ரிப்பனால இன்னா வந்துச்சு? நீ கட்டாமலே எறங்குச்சே" என்று சிரித்தாள். அவள் கேட்டது நியாயம்தானே. என் பொய்க்குள் அவள் சரியாகத்தான் யோசித்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சொன்னால் நான் சாமி கேட்டதைக் கொடுத்தவள் இல்லை, வெறும் அவசரக்குடுக்கை என்று ஆகிவிடும். அதற்காக வாயை மூடிக்கொண்டேன்.

என் விபத்து நடந்து இரண்டு வருஷம் ஆகும் சமயம், ஆயுத பூஜை வந்தது. ஏழு பிரஸ்ஸுக்கும் சந்தனம், மாலை. மூணாம் நம்பருக்கு மட்டும் பெரிய பூசணிக்காய். சூப்பர்வைசர் அதைச் சுற்றி வாசலில் உடைத்தார். "இனிமே ஒரு வருசத்துக்குக் கவலை இல்ல" என்றார். அவள் பொரி சுண்டலை எனக்கு ஊட்டிவிட்டாள்.

லீவு முடிந்து வேலை தொடங்கிய முதல் நாள். மாலைகள் இன்னும் மிஷின்களில் வாடித் தொங்கின. வழக்கம்போல் வந்து என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். காலை டீ வருவதற்குச் சற்று முன்னால், அந்தச் சத்தம் கேட்டது. கொஞ்சம் மெத்தென்று.

நான் தலையைத் தூக்கினேன். அவள் கத்தவில்லை. என் கண் எதிரே, இடது கையால் பச்சை ரிப்பனின் நுனியைப் பிடித்து இழுத்தாள். சுருட்டினாள். இடுப்பில் செருகினாள். அதன் பிறகுதான் அவள் வாய் திறந்தது. என்னையே நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. பேயைப் பார்த்தவர்கள் பேச்சு வராமல் நின்றுவிடுவார்கள் என்பது எவ்வளவு உண்மை!

எல்லோரும் ஓடினார்கள். யாரோ துணியைச் சுற்றினார்கள். சூப்பர்வைசர் விபத்துப் புத்தகத்தோடு வந்துவிட்டார். "எப்படிம்மா ஆச்சு?"

"தானா எறங்கிச்சு சார். நான் அமுக்கவே இல்ல."

அதே வார்த்தைகள். ஒன்று கூட மாறவில்லை. நான் ஒரு நாளும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. சுற்றி நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சூப்பர்வைசர் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க சார்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வலியில் முகம் வெளுத்திருந்தது. வேண்டாம் அக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவளைக் காட்டிக் கொடுத்தால் அவள் தம்பிகள் படிப்பு போகும். வாயை மூடினால் அடுத்து இன்னொருத்தி அந்த ஸ்டூலில் உட்காருவாள். நான் அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"அது தானா எறங்காது சார். அன்னிக்கும் எறங்கல. நான்தான் ரிப்பன் கட்டி வச்சிருந்தேன். என் கைய நானே அமுக்கிகினேன். ரிப்பன ஒளிச்சிட்டு உங்க கிட்ட பொய் சொன்னேன். சாமியும் இல்ல, காவும் இல்ல."

"உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றார் சூப்பர்வைசர். யாரும் என் பக்கம் வரவில்லை. மூணாம் நம்பரைவிட என்னைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தார்கள். அவளை ஆட்டோவில் ஏற்றும்போது நானும் ஏறப் போனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரமே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஒரு மாதத்துக்குள் ஏழு பிரஸ்ஸுக்கும் முன்னால் கம்பிக் கூண்டு போட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கை உள்ளே போகவே போகாதாம். அவளுக்கு ஒரு விரல்தான் போனது, பேக்கிங்கில் வேலை கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள்.

எனக்குப் பூந்தமல்லியில் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. குழந்தைகளுக்கு ஒளிவு மறைவு தெரியாது. "ஆயா, வெரல் எங்க?" என்று முதல் நாளே கேட்டார்கள். "அவசரப்பட்டேன், போச்சு" என்றேன். அவ்வளவுதான், அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது போதும். நான் சாமிக்குக் கொடுத்தவளும் இல்லை, பாவப்பட்டவளும் இல்லை. அவசரப்பட்டவள், பிறகு பொய் சொன்னவள். இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் பஸ்ஸில் அந்தக் கையாலேயே கம்பியைப் பிடிக்க ஆரம்பித்தேன். அதற்கப்புறம் எனக்குக் கல்யாணம் கூட ஆனது. அரித்தால் அரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாங்காட்டுக் கோயில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவள் இடுப்பில் குழந்தையோடு திரும்பினாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். குழந்தையை அணைத்திருந்த கையில் ஆள்காட்டி விரல் இல்லை. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம். அதன் பிறகுதான் முகத்தைப் பார்த்தோம்.

"நல்லா கீறியா அக்கா?"

"இருக்கேன்டி. நீ?"

"கீறேன்." குழந்தையின் தலையைத் தடவினாள். வரிசை இரண்டடி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம். அவள் கோபமாகப் பேசவில்லை. வீட்டு விஷயம் பேசுகிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அன்னிக்கு நீ எல்லார் எதுருலயும் சொன்னது நல்லதுதான் அக்கா. அதுக்கப்புறம் அங்க யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆனா ஒரு நாள் டீ குடிக்கிறப்ப, நீ ரிப்பன் கட்னியான்னு நான் உன்னைக் கேட்டேனே. அப்பவே சொல்லிருக்கணும்."

சொல்வதற்கு என்னிடம் ஆயிரம் காரணம் இருந்தது. எனக்கும் அப்போது சின்ன வயசு, வேலை, வீடு, பயம். ஒன்றையும் எடுக்கவில்லை.

"ஆமாடி" என்றேன். "சொல்லிருக்கணும்."

அவள் தலையை ஆட்டினாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முன்னால் திரும்பி நின்றாள்.